வில் இருக்கட்டும், முதலில் கடையைப் பாருங்கள்

முனைகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது "எந்த பிராண்ட்?" என்றுதான். வாங்கி, எய்து, நாணையும் ஒருமுறை மாற்றியாகிவிட்டது. இப்போது கேட்டால், பிராண்ட் ஐந்தாவதோ ஆறாவதோ கேள்வி என்பேன். ஹாய்ட், மேத்யூஸ், பிஎஸ்இ, போடெக் எதை எடுத்தாலும் ஓரளவுக்கு மேல் எல்லாமே நன்றாகத்தான் செய்கிறார்கள். அந்த வில்லை உங்கள் உடம்புக்கு யார் பொருத்தித் தருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பல வருடம் ரிகர்வ், அதாவது சக்கரமில்லாத வில், எய்தவள் நான். வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் காம்பவுண்ட் பக்கம் வந்தேன். ரிகர்வில் 34 பவுண்டு இழுத்தால், குறி பார்க்கும் நேரம் முழுக்க அந்த 34 பவுண்டையும் தோள்தான் தாங்க வேண்டும். காம்பவுண்டில் கேம், அதாவது முனையிலுள்ள சக்கரம், சுழன்று முடிந்ததும் எடை சரிந்துவிடும். இந்தச் சரிவுதான் லெட்-ஆஃப். 80 சதவீத லெட்-ஆஃப் உள்ள 45 பவுண்டு வில்லை முழுவதும் இழுத்துப் பிடித்தால் கையில் நிற்பது 9 பவுண்டுதான். அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-இல் பெற்ற யோசனை இது. வில்லின் இரு முனையிலும் மையம் தள்ளிய சக்கரத்தை வைத்த அந்த மனிதருக்கு என் தோள் சார்பில் ஒரு கும்பிடு.

ஆனால் இதே சக்கரம்தான் வாங்கும்போது தலைவலியும் தரும். ரிகர்வை யார் எவ்வளவு நீளம் இழுத்தாலும் அது வரும். காம்பவுண்ட் அப்படியில்லை, குறிப்பிட்ட இடத்தில் சுவரில் முட்டிய மாதிரி நின்றுவிடும். அந்த நீளம், அதாவது டிரா லென்த், உங்கள் கைக்குச் சரியாக அமைய வேண்டும். அளவு தப்பிய செருப்பை மாட்டிக்கொண்டு எவ்வளவு நடந்தாலும் கால் அதற்கேற்ப வளராது, இதுவும் அப்படித்தான். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து 2.5-ஆல் வகுத்தால் உத்தேசமாக ஒரு எண் வரும். எனக்கு 64 அங்குலம், வகுத்தால் 25.6. இது தொடக்கம் மட்டுமே. கடைசி அரை அங்குலத்தை முடிவு செய்ய, நீங்கள் இழுத்து நிற்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் ஒரு கண் வேண்டும்.

நான் முதலில் போனது பெரிய கடை. கண்ணாடி அலமாரி, நல்ல வெளிச்சம், சுவர் முழுக்க வில். விற்பனைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நேராக ஊதா நிற லிம்ப் (வில்லின் வளையும் கை) போட்ட ஒன்றை எடுத்தான். "இது லேடீஸ் மாடல், மேடம்." டிரா லென்த் எவ்வளவு என்று கேட்டேன். "28-இல் இருக்கிறது, பழகிவிடும்" என்றான். என் கைக்கு இரண்டரை அங்குலம் அதிகம்! இழுத்துப் பார்த்தேன். நாக் (அம்பில் நாண் மாட்டும் நுனி) தாடை முனையைத் தாண்டிக் காதுக்குப் பின்னால் போனது, முன்கை முட்டி பூட்டிக்கொண்டது, உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது. டிரா லென்த் அதிகம் என்பதற்கு ஒரு பயிற்சியாளர் சொல்லக்கூடிய எல்லா அடையாளமும் அங்கே இருந்தது. பையன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். மாட்டி வைத்த வில்களை வருகிறவர் போகிறவர் எல்லாம் எடுத்து, அம்பு இல்லாமல், வெறும் விரலால் இழுத்து வேடிக்கை பார்க்கிறார்கள். தடுக்க ஆள் இல்லை. விரல் நழுவினால் அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் வில்லுக்கே திரும்பும். லிம்ப் விரிசல் விடலாம், கேம் வளையலாம், நாண் தடம் விட்டுக் கழன்று முகத்தில் அடிக்கலாம். ட்ரை ஃபயர் ஆன வில்லுக்குப் பெரும்பாலும் உத்தரவாதமும் கிடைக்காது. அந்தச் சுவரில் தொங்கும் வில்களில் எது எத்தனை முறை அப்படி அடி வாங்கியதோ! ஒரு கடை வேண்டாம் என்று முடிவெடுக்க எனக்கு இது ஒன்றே போதும்.

அங்கே இன்னொரு பாட்டும் கேட்டேன்: "இது 340 போகும், மேடம்." விநாடிக்கு 340 அடி. எந்தக் கடையிலும் முதலில் காதில் விழும் எண் இதுதான், நம்மைப் போன்றவர்களுக்குச் சற்றும் பயன்படாத எண்ணும் இதுதான். ஐபிஓ (சர்வதேச வில்வேட்டை அமைப்பு) வேகம் என்று அச்சிடுவார்களே, அது 70 பவுண்டு, 30 அங்குல டிரா, 350 கிரெய்ன் எடையுள்ள அம்பு என்ற கணக்கில் எடுத்தது. டிரா லென்த் ஓர் அங்குலம் குறைந்தால் உத்தேசமாக 10 அடி வேகம் போய்விடும். என் 25.5-க்கு அதிலேயே 45 அடி காலி, எடைக் குறைவு அப்புறம். மேலும் அந்த வேகத்துக்காக கேமை முரட்டுத்தனமாக வடிவமைத்திருப்பார்கள். இழுக்கத் தொடங்கியதுமே முழு எடையும் வந்து உட்காரும், கடைசி வரை இறங்காது, இறங்கும்போது திடீரென்று விழும். பிடித்திருக்கும்போது கொஞ்சம் அசந்து கை முன்னால் போனாலே வில் வெடுக்கென்று கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். தோள் வலிக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான், 340-ஐ அல்ல.

சரி, நான் வாங்கிய கடைக்கு வருகிறேன். சின்ன இடம். பாதி இடத்தை ஒரு வேலை மேசை பிடித்துக்கொண்டிருக்கும். மேசையில் வில்லை அமுக்கும் பிரெஸ், பக்கத்தில் டிரா போர்டு, மூலையில் காகிதம் மாட்டிய சட்டம். கடைக்காரர் விரலில் எப்போதும் நாண் மெழுகு. "என்ன வில் வேண்டும்?" என்றே அவர் கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் இருக்கும் விளக்கை அதன் வழியாகப் பார்க்கச் சொன்னார். எந்தக் கண் ஆளும் கண் என்று பார்க்க. வலது கைக்காரருக்கு இடது கண் ஆளும் கண்ணாக இருப்பது அபூர்வமில்லை. அது தெரியாமல் வில் வாங்கிவிட்டுப் பிறகு குறி ஏன் தப்புகிறது என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், மிக லேசான ஒரு வில்லில் அங்குலக் கோடு போட்ட நீளமான அம்பை வைத்து இழுக்கச் சொன்னார். எய்வதற்கில்லை, அளப்பதற்கு. மூக்கு நுனி நாணில் படுகிறதா, முட்டி லேசாகத் தளர்ந்திருக்கிறதா, தலை முன்னால் குனிகிறதா என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். 25.5 என்று சுண்ணக்கட்டியால் மேசையிலேயே எழுதினார்.

எடைக்கு அவர் வைத்த சோதனை இன்னும் பிடித்தது. நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை நேராக முன்னால் நீட்டி, வானத்தைப் பார்த்துத் தூக்காமல் மெதுவாக இழுக்க வேண்டும். முடியவில்லை என்றால் எடை அதிகம், அவ்வளவுதான். 50 பவுண்டில் நான் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் லிம்ப் போல்ட்டுகளை மேலும் கீழும் சமமாகத் தளர்த்தி 43-க்குக் கொண்டுவந்தார். வில் தராசில் மாட்டிக் காட்டவும் செய்தார். 40 முதல் 50 வரை போகும் லிம்பே எனக்குப் போதும் என்பது அவர் கட்சி. நியாயம்தான். உலக வில்வித்தைக் கூட்டமைப்பான வேர்ல்ட் ஆர்ச்சரியின் போட்டிகளில் காம்பவுண்டுக்கு உச்ச வரம்பே 60 பவுண்டு. 50 மீட்டரில் 80 செ.மீ. இலக்கு முகப்பை எய்யப்போகிறவருக்கு 70 பவுண்டு லிம்பை ஏன் தலையில் கட்டுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

அன்று அவர் விற்கவில்லை. வெவ்வேறு நீளமுள்ள வில்களைக் கொடுத்து எய்யச் சொல்லி, "யோசித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். எய்து பார்த்ததில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. இரு அச்சுகளுக்கு நடுவே 30 அங்குலம் உள்ள குட்டி வில் தூக்க லேசு. ஆனால் முழுவதும் இழுத்ததும் நாண் கூர்மையாக மடிந்து முகத்தைவிட்டு விலகிப் போகிறது, மூக்கு எட்டவில்லை, பீப் சைட்டை (நாணில் பொருத்திய, குறி பார்க்கும் சின்னத் துளை) தேடித் தலையைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. 38 அங்குல வில் அசையாமல் நின்றது, ஆனால் என் டிரா லென்த்துக்கு அதில் கேம் கிடைக்கவில்லை. கடைசியில் 35 அங்குலத்தில், ஏழு அங்குல பிரேஸ் ஹைட் (இழுக்காத நிலையில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி) உள்ள ஒன்று. பிரேஸ் ஹைட் குறைந்தால் அம்பு நாணோடு அதிக நேரம் ஒட்டியிருக்கும், அந்த நேரத்தில் கை செய்யும் கோளாறெல்லாம் அம்பில் ஏறும். எனக்கு வேகத்தைவிட இந்த மன்னிப்பு முக்கியம்.

வளரும் பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். டைமண்ட் நிறுவனத்தின் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ மாதிரி 5 முதல் 70 பவுண்டு வரை, 13 முதல் 31 அங்குலம் வரை மாற்றக்கூடியவை இருக்கின்றன, அவையே போதும். பெரியவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: டிரா லென்த்தை மாற்ற, கேமில் மாட்டிய மாட்யூல் என்ற துண்டைத் திருப்பினால் போதுமா, இல்லை வேறு மாட்யூல் வாங்க வேண்டுமா? வாங்க வேண்டுமென்றால் முதல் மாற்றம் கடையின் செலவா, உங்கள் செலவா?

கடையின் உண்மையான வேலை பணம் கொடுத்த பிறகுதான் தொடங்கியது. வில்லை டிரா போர்டில் மாட்டி மெதுவாக இழுத்தார். மேல் கேமும் கீழ் கேமும் ஒரே கணத்தில் நிறுத்தத்தைத் தொட வேண்டும். கீழது கொஞ்சம் முந்தியது. பிரெஸ்ஸில் அமுக்கி, கேபிளை ஒரு முறுக்கு ஏற்றி, மறுபடி இழுத்து, மறுபடி பார்த்தார். நாணில் பிடித்து இழுக்கச் சின்னக் கயிற்று வளையமான டி-லூப் கட்டினார், பீப் சைட்டை என் கண் மட்டத்தில் நூல் சுற்றி நிறுத்தினார். பிறகு காகிதம். ஆறடி தள்ளி நின்று சட்டத்தில் மாட்டிய காகிதத்தின் வழியாக எய்ய வேண்டும். அம்பு நேராகப் போனால் ஒரு வட்ட ஓட்டை, அதைச் சுற்றி இறகுகள் போட்ட மூன்று கீறல். எனக்கு இடது பக்கம் ஓர் அங்குலத்துக்குக் கிழிந்தது. அம்பு உட்காரும் ரெஸ்ட்டை உடனே நகர்த்துவார் என்று நினைத்தேன். "இன்னும் எய்யுங்கள், மேடம். ஒரே மாதிரி கிழிந்தால் வில்லைத் தொடுகிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கிழிந்தால் அது உங்கள் கை" என்றார். ஒரே மாதிரிதான் கிழிந்தது. ரெஸ்ட்டை மயிரிழை நகர்த்துவதும் எய்வதுமாகப் போய், கடைசியில் கிழிசல் சுருங்கி ஓட்டையானது.

அம்பிலும் அப்படித்தான். பெரிய கடையில் 340 ஸ்பைன் அம்பை "எல்லா வில்லுக்கும் போடலாம்" என்றார்கள். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவே 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்பதுதான் ஸ்பைன். எண் குறையக் குறைய அம்பு விறைப்பு. 43 பவுண்டில் குட்டி டிரா இழுக்கும் எனக்கு 340 வெறும் இரும்புக் கம்பி. இவர் அட்டவணையைப் பார்த்து, வில் எடை, அம்பின் நீளம், முனையின் எடை மூன்றையும் சேர்த்து 600-இல் எடுத்து அங்கேயே வெட்டிக் கொடுத்தார்.

குறையே இல்லையா என்றால், நிறைய. தொலைபேசியை எடுக்கவே மாட்டார். கையிருப்பு சொற்பம், வில் ஆடாமல் இருக்க மாட்டும் ஸ்டெபிலைசருக்கு வாரக்கணக்கில் காத்திருந்து கடைசியில் இணையத்தில் வாங்கினேன். அதில் தப்பில்லை. ஸ்டெபிலைசர், அம்புக்கூடு, முகப்புத் தாள் எல்லாம் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். வில்லை அப்படி வாங்குவதாக இருந்தால் பக்கத்தில் பிரெஸ் வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள், அவருடைய வேலைக்கான கூலியையும் முகம் சுளிக்காமல் கொடுங்கள். வெளியில் வாங்கிய வில்லை இவரிடம் கொண்டுவந்து இலவசமாக டியூன் கேட்பவர்களோடு அவர் போடும் சண்டையை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன், அவர் பக்கமே நியாயம். பழைய வில்லோடு வருபவர்களுக்கு முதல் வேலையாக லிம்ப் நெடுக ஒரு பஞ்சை ஓட்டிப் பார்ப்பார். இழை சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது, வில்லைத் தொடவே மாட்டார்.

ரிலீஸ், அதாவது விரலுக்குப் பதிலாக நாணைப் பிடித்து விடும் கருவி, அந்த விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தொடக்கத்திலேயே, கை திரும்பும்போது தானாக விடும் ஹிஞ்ச் வாங்கு, விசையே இல்லாவிட்டால் விசையைத் தட்டும் பழக்கமும் வராது என்று பிடிவாதம். எனக்கு அது இழுக்கும் பாதியிலேயே விட்டுவிடுமோ என்ற பயம். முகத்துக்கு முன்னால் கை வரும்போது பயத்தோடு இழுப்பதில் என்ன புண்ணியம்? கட்டைவிரல் விசையுள்ளதை வாங்கினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே அதன் விசையைக் கொஞ்சம் கடினமாக்கிக் கொடுத்தார்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல் முறையாக வருகிறது என்ற செய்திக்குப் பிறகு அவர் கடையில் புது முகங்களைப் பார்க்கிறேன். அவர்களிடமும் இன்னும் கையைத்தான் முதலில் அளக்கிறார். வில் வாங்கிய பிறகு நாண் கொஞ்சம் நீளும், பீப் திரும்பிக்கொள்ளும். முதல் சில நூறு அம்புகளுக்குப் பிறகு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள், அதற்கு அவர் காசு வாங்குவதில்லை. போட்டி நடக்கும் வாரங்களில் போகாதீர்கள், ஆள் மைதானத்தில் இருப்பார், கடை பூட்டியிருக்கும்.