கூத்துக் கசெட்டை மாற்றக் கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பு டவுனில் பழைய விஎச்எஸ் கசெட்டுகளைக் கொம்பியூட்டருக்கு மாற்றித் தருகிற ஒரு கடையில் எங்கள் ஊர் வடமோடிக் கூத்துக் (மட்டக்களப்புக் கூத்தில் ஒரு வகை) கசெட்டுகளைக் கொடுத்து எடுத்தேன். கடையின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை கலியாண வீடியோ செய்கிற எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். எங்கள் உப்புக்காற்றுக்கும் மாரிகால ஈரத்துக்கும் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிடும், அதை அப்படியே டெக்கில், அதாவது கசெட் ஓட்டுகிற கருவியில், போட்டால் நாடாவை வாசிக்கிற ஹெட்டும் பழுது, அடுத்த கசெட்டுக்கும் தொற்றும். இந்தக் கடைத் தம்பி ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் பிறகுதான் ஓட்டினார். புது டெக் செய்வது 2016இலேயே உலகத்தில் நின்றுபோன நிலையில், ஓடுகிற டெக் ஒன்றை இவ்வளவு கவனமாக வைத்திருப்பதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். காசும் நியாயம்தான்.

ஆனால் முதல் தந்த கொப்பியைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. பாட்டெல்லாம் பாதி இல்லை. கேட்டால், "அண்ணே, ஒரே வரிதானே திரும்பத் திரும்ப வருது, அதான் வெட்டினேன்" என்றார். கூத்தன் பாடி முடிக்க, கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதே வரியை எடுத்துப் படிப்பார்கள், அந்த நேரத்தில்தான் அவன் களரியை, அதாவது கூத்தாடும் வட்டக் களத்தை, சுற்றி ஆடுவான். ஆக வெட்டுப்பட்டது பாட்டு இல்லை, ஆட்டம். அதோடு இரைச்சலைக் குறைக்கிறோம் என்று சல்லரி என்ற கைத்தாளத்தின் சத்தத்தையே அமுக்கிவிட்டார்கள், மத்தளம் மட்டும் எங்கேயோ தூரத்தில் கேட்கிறது.

கூத்து ஆடுகிறவனே அதைப் பதிந்து வைத்து, அதைப் பற்றி எழுதவும் செய்தால் இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று விளங்கும். பேராசிரியர் மௌனகுரு 1965இல் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் தயாரித்த இராவணேசன் என்ற கூத்து நாடகத்தில் இராவணனாக ஆடியவர், மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர், பின்னால் அதே இராவணேசனைத் தானே நெறிப்படுத்தி மேடையேற்றியவர். ஆட்டம் தெரிந்தவர் எழுதினால் எந்த ஆட்ட அடவு குறைந்தது, பாத்திரம் களரிக்கு வருகிற எந்த வரவுத் தாளம் சுருங்கியது என்று கைவைத்துக் காட்டலாம். அப்படிக் காட்ட வெட்டாத பதிவு வேண்டும். இப்போது விடிய விடிய ஆடின கூத்தை ஒன்றரை மணித்தியால மேடை நிகழ்ச்சியாகச் சுருக்குகிறோம், முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க இந்தக் கசெட்டுகளை விட்டால் வேறென்ன இருக்கிறது? கரையோர ஊர்களில் 2004 சுனாமியோடு போன கசெட்டுகளும் கொப்பிகளும் எத்தனையோ.

சரி, திரும்பப் போய்ப் பேசினேன். தம்பி முகம் சுளிக்கவில்லை, காரணத்தைச் சொன்னதும் காசு கேட்காமலே முழுவதையும் மறுபடி ஓட்டித் தந்தார். இரண்டாவது கொப்பி அருமை.

நீங்கள் போனால் வெட்டக்கூடாது, சத்தத்திலும் நிறத்திலும் கைவைக்கக்கூடாது என்று முதலே துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நொடிக்கு 25 படமாக இல்லாமல் 50 ஆக எடுத்துத் தரச் சொல்லுங்கள், வேகமான ஆட்டத்தில் கால் கலங்காமல் தெரியும். பென்ட்ரைவ் காணாது, டிவி (DV) என்ற டிஜிட்டல் வீடியோ ஃபோர்மட்டில் ஒரு மணித்தியாலத்துக்கே 13 ஜிபி அளவு வரும், ஹார்ட் டிஸ்க் கொண்டுபோங்கள். மாற்றின பிறகும் கசெட்டை எறிய வேண்டாம், நட்டுக்குத்தாக அடுக்கி வையுங்கள். அண்ணாவியார் குடும்பத்துக்கு ஒரு பிரதி கட்டாயம் கொடுங்கள், அவர்கள் சம்மதித்தால் நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்துக்கும் கொடுக்கலாம், அங்கே ஒலி ஒளிப் பதிவுகளையும் சேர்க்கிறார்கள்.

கடை எதுவென்று வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். டெக் ஓட்டத் தெரிந்த தம்பி பின்னேரத்தில்தான் நிற்பார், போன் எடுத்துவிட்டுப் போங்கள்.