பூனைவாசல் வைத்த தடுப்புக் கேட்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

திருமணம் முடிந்து மடிப்பாக்கத்தில் நாங்கள் தனிக்குடித்தனம் தொடங்கியபோது, என் பக்கத்திலிருந்து இரண்டு பூனைகளும் என் கணவர் பக்கத்திலிருந்து ஒரு சிப்பிப்பாறை நாயும் அந்த இரண்டு படுக்கையறை வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மிளகுக்கு ஆறு வயது. நாயின் வாடையே அறியாமல் என் பெற்றோர் வீட்டு மாடியில் வளர்ந்தவள். தங்கத்துக்கு இரண்டு வயது. தெருவில் பிறந்தவன் என்பதால் நாய் என்றால் என்ன என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். மாயனுக்கு நான்கு வயது. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து குட்டியாக வந்து, என் கணவரின் கட்டிலுக்கு அடியில் உறங்கிப் பழகியவன். இவர்களை ஒரே கூரையின் கீழ் பழக்குவதற்காக நாங்கள் வாங்கிய பொருள்களில் பாதி இப்போது அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. முதல் நாளிலிருந்து இன்றுவரை தினமும் பயன்படுவது ஒன்றுதான்: அடியில் பூனை நுழையும் சிறுவாசல் வைத்த இரும்புத் தடுப்புக் கேட்.

சுவரில் துளையிடாமல், நான்கு மூலைகளிலும் உள்ள திருகுகளை இறுக்கி, அந்த அழுத்தத்தாலேயே கதவு நிலையின் நடுவே நிற்கும்படி இதைச் செய்திருக்கிறார்கள். குழந்தைகள் மாடிப்படியில் இறங்காதிருக்க வைக்கும் கேட்டும் இதுவும் ஒரே குடும்பம்தான் என்றாலும், உயரம் கூடுதல். எங்களுடையது 1 மீட்டர் உயரம். அகலத்தை 76 முதல் 84 சென்டிமீட்டர் வரை கூட்டிக் குறைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் 10 சென்டிமீட்டர் இணைப்புத் துண்டு ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அடிப்பகுதியில் 18 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பூனைவாசல் தனித் தாழ்ப்பாளுடன் இருக்கிறது. இணையத்தில் 6,400 ரூபாய்க்கு வாங்கினோம்.

உயரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தவறினால் மற்ற எந்தச் சிறப்பும் பயன்படாது. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 76 சென்டிமீட்டர் உயரக் கேட். பக், டேக்ஸண்ட் போன்ற குட்டையான நாய்களுக்கு அது போதும். சிப்பிப்பாறை அப்படியல்ல. கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு, ஓடும் எதையும் ஒரு நொடியில் பற்றிக்கொள்ளும் பார்வை. அமைதியாக உட்கார்ந்திருக்கும் பூனையை மாயன் பெரிதாகப் பொருட்படுத்தமாட்டான். அதே பூனை ஓடத் தொடங்கினால் அவன் உடம்பு முழுவதும் விறைத்துவிடும். அது கெட்ட குணம் அல்ல, பிறவியோடு வந்த குணம். இதைப் புரிந்துகொள்ளாமல் "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று நம்பி முதல் நாளே மூவரையும் ஒரே கூடத்தில் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

கேட்டைப் பொருத்துவதற்கு முன் இரண்டு வாரம் பூனைகள் உள்ளறையில் கதவை முழுவதுமாக அடைத்தபடியே இருந்தன. அந்த அறையிலேயே அவற்றின் மணல்தட்டுகள், தண்ணீர், படுக்கை, ஏறி உட்காருவதற்கு அலமாரியின் உச்சி எல்லாம் இருந்தன. பூனையின் கன்னத்தைத் துடைத்த துணியை மாயனின் பாயிலும், மாயனின் கழுத்தைத் துடைத்த துணியைப் பூனைகளின் கூடைக்கு அருகிலும் வைத்து, ஒன்றின் வாடை மற்றொன்றுக்குச் சாப்பாட்டு நேரத்து வாடையாகப் பழகும்படி செய்தோம். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகக் கேட்டை மாட்டுகிறவர்கள், கேட் பயன்படவில்லை என்று பிறகு குறைசொல்வதில் நியாயம் இல்லை.

கேட்டை மாட்டிய நாளில் அதன் மீது என் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை மடித்துப் போட்டு மறைத்தேன். வாடையும் சத்தமும் போகும், உருவம் தெரியாது. பிறகு ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு வேளையில் புடவையை இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டினோம். முதலில் மாயனுக்குத் தெரிந்தது நான்கு வெள்ளைப் பாதங்கள் மட்டுமே, பிறகு வயிறு, பிறகு வால். வால் தெரியத் தொடங்கிய கட்டம்தான் கடினமாக இருந்தது. நாய் வாலை வீசினால் பெரும்பாலும் உற்சாகம். பூனை வாலைத் தரையில் அடித்தால் "கிட்டே வராதே" என்று பொருள். இந்த இரண்டையும் ஒரே மொழி என்று எண்ணிக்கொண்டு மாயன் கேட்டை நோக்கி முன்னங்கால்களைத் தாழ்த்தி விளையாட அழைப்பதும், மிளகு சீறுவதும், நாங்கள் புடவையை மறுபடி ஒரு சாண் இறக்குவதுமாக ஒரு வாரம் போனது. கம்பிகளுக்கு இடையே நேர்ப்பார்வை கிடைக்கும் கேட் என்பதால் இப்படி அளந்து அளந்து காட்ட முடிந்தது; மரக்கதவில் இந்த வசதி இல்லை.

இனி இதன் பெரிய குறையைச் சொல்கிறேன். கேட்டை மாட்டிய ஒன்பதாம் நாள் மாலை, சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தத்தில் தங்கம் அறைக்குள் பாய்ந்து ஓட, அதைக் கண்ட மாயன் கேட்டின் மீது முழு உடம்பையும் சாய்த்தான். எங்கள் வீட்டு நிலை வழவழப்பாக வார்னிஷ் அடித்த தேக்கு. அழுத்தத்தால் மட்டுமே பிடித்துக்கொண்டிருந்த ரப்பர் தாங்கிகள் இடதுபக்கம் வழுக்க, கேட் முழுவதுமாகச் சரிந்து பெரும் ஓசையுடன் அறைக்குள் விழுந்தது. என் கணவர் அருகிலேயே இருந்து கழுத்துப்பட்டையைப் பிடித்துவிட்டதால் யாருக்கும் காயம் இல்லை. ஆனால் மிளகு பரணில் ஏறி, பழைய சூட்கேசுகளுக்குப் பின்னால் போய் ஒடுங்கியவள், மறுநாள் காலைவரை இறங்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு பகல் முழுவதும் உணவைத் தொடவில்லை. பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அந்த ஒரு பகலும் நான் மணிக்கு ஒருமுறை கிண்ணத்தை எடைபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் அவித்த மீனை விரலில் எடுத்து நீட்டியபோதுதான் நக்கினாள். மறுபடி ஒரு வாரம் கதவை மூடி, துணி வாடையிலிருந்து தொடங்கினோம்.

பெட்டிக்குள் இருந்த கையேட்டில், சுவரில் திருகு போட்டுப் பொருத்தும் கிண்ணம் போன்ற நான்கு தாங்கிகள் இருப்பதாகப் படம் போட்டிருக்கிறது. எங்கள் பெட்டியில் இரண்டுதான் இருந்தன. விற்பனையாளருக்கு எழுதி, மூன்று வாரம் கழித்து மீதி இரண்டும் வந்தன. ஆயினும் என்னை அதைவிட வருத்தியது வேறு: பெரிய நாய் உள்ளவர்கள் திருகு போட்டே ஆகவேண்டும் என்ற எச்சரிக்கை விற்பனைப் பக்கத்தின் முகப்பில் இல்லாமல், "துளையிடத் தேவையில்லை" என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருந்ததுதான். வீட்டு உரிமையாளரின் அனுமதி பெற்று, தச்சர் ஒருவரை அழைத்து நான்கு தாங்கிகளையும் நிலையில் திருகிய பிறகு, இந்த ஏழு மாதத்தில் கேட் ஒரு நூல்கூட நகரவில்லை. 15 கிலோவுக்கு மேற்பட்ட நாய் வைத்திருப்பவர்கள் திருகு இல்லாமல் இதை நம்ப வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

பூனைவாசலுக்கு வருகிறேன், இந்தப் பொருளின் உயிரே அதில்தான் இருக்கிறது. சாதாரணக் கேட் நாயைத் தடுக்கும், ஆனால் பூனையையும் சேர்த்தே அடைத்துவைக்கும். சிறுவாசல் திறந்திருக்கும்போது, எப்போது வெளியே வருவது, எப்போது திரும்பி ஓடுவது என்ற முடிவு பூனையின் கையில் இருக்கிறது. பூனை எதையும் தன் முடிவாகச் செய்தால்தான் நிலைக்கும் என்பதை ஆறு ஆண்டு மிளகுடன் வாழ்ந்து நான் அறிந்திருக்கிறேன். அவள் முதன்முதலாக அந்த வாசலைக் கடந்தது ஐம்பதாவது நாளுக்குப் பக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். மாயன் கூடத்துப் பாயில் வாருடன் படுத்திருந்தான். பூனையிடமிருந்து அவன் பார்வையை விலக்கும் ஒவ்வொரு முறையும் என் கணவர் அவனுக்கு ஒரு துண்டு அவித்த கோழிக்கறி கொடுத்துக்கொண்டிருந்தார். மிளகு முதலில் தலையை மட்டும் நீட்டி, மீசை இருபுறச் சட்டத்திலும் உரச, ஒரு முன்னங்காலை வெளியே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பாதி உள்ளே, பாதி வெளியே. இரண்டு நிமிடமாவது இருக்கும். பிறகு மெதுவாக முழுவதும் வெளியே வந்து, சுவரோரமாக நடந்து, சோபாவின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் இருவரும் மூச்சுக்கூட விடவில்லை.

சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி வளர்ப்பவர்கள் இந்த வாசலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இனங்களின் தலை நீண்டு ஒடுங்கியது. 18 சென்டிமீட்டர் அகலத்தில் மாயனின் தலையும் கழுத்தும் தோள்வரை தாராளமாக நுழைகின்றன, நெஞ்சுதான் தடுக்கிறது. வாசலுக்கு அருகில் வைத்திருந்த பூனை உணவை இரண்டு நாள் அவன்தான் தின்று தீர்த்திருக்கிறான் என்பது அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகே தெரிந்தது. பூனை உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம் என்பதால் நாய்க்கு அது விருந்துபோல் ருசிக்கும், ஆனால் ஒத்துக்கொள்ளாது. இப்போது பூனைகளின் கிண்ணங்கள் மேசை மீதும், மணல்தட்டுகள் அறையின் கடைசி மூலையிலும் இருக்கின்றன. வாசலின் தாழ்ப்பாளும் உலோகத்தில் உலோகம் மோதிச் சத்தமிடுகிறது. தொடக்கத்தில் அந்தச் சத்தத்துக்கே தங்கம் பதறினான். தாழ்ப்பாளின் நாக்கில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டியதில் அது தீர்ந்தது.

தரையோடு செல்லும் அடிச்சட்டம் இன்னொரு தொல்லை. கேட்டைத் திறந்தாலும் 3 சென்டிமீட்டர் உயரச் சட்டம் குறுக்கே கிடக்கும். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் விடியற்காலை இருட்டில் அதில் கால்விரலை இடித்துக்கொண்டு இரண்டு நாள் நொண்டினார். அன்றே சட்டத்தின் மேல் இருட்டில் ஒளிரும் நாடாவை ஒட்டினேன். முதியவர்கள் உள்ள வீட்டில் வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுவது நல்லது.

இதே காலத்தில் வாங்கிய மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பூனையின் கன்ன வாடையைச் செயற்கையாகப் பரப்பும், மின்செருகியில் மாட்டும் குப்பியால் எங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் எதுவும் இல்லை. மூடிபோட்ட மணல்தட்டைத் தங்கம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

விலை மிகுதியாகத் தோன்றினால் பக்கத்து வெல்டிங் பட்டறையிலும் இப்படி ஒரு கேட்டைச் செய்துகொள்ளலாம். சொந்த வீடாக இருந்தால் நான் அதையே பரிந்துரைப்பேன். கம்பி இடைவெளி 4 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், உயரம் 1.2 மீட்டராக, அடிச்சட்டம் இல்லாமல், பூனைவாசல் நாயின் தலை அகலத்தை அளந்து அமைக்கப்பட்டால், கடையில் வாங்குவதைவிட மேலானதாகவே இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, கழற்றி எடுத்துப் போக முடிகிற இந்தக் கேட் ஏற்றது. வாங்குமுன் நிலையின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும் அளந்து பாருங்கள். எங்கள் நிலையில் மேலுக்கும் கீழுக்கும் 1 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தது. மூன்று மாதத்துக்குட்பட்ட பூனைக்குட்டிகள் இருந்தால் இதை வாங்க வேண்டாம். 5 சென்டிமீட்டர் கம்பி இடைவெளியில் அவை நுழைந்துவிடும்.

எட்டு மாதம் ஆன பிறகும் கேட்டை நாங்கள் கழற்றவில்லை. நாங்கள் வீட்டில் இருக்கும் பகல்வேளைகளில் அது அகலத் திறந்திருக்கிறது. தங்கம் இப்போது மாயனின் பாயின் ஓரத்திலேயே உறங்குகிறான், மிளகு சோபா முதுகை விட்டு இறங்குவதில்லை. நாங்கள் இருவரும் வெளியே போகும்போதும் இரவிலும் பெரிய தாழ்ப்பாளைப் போட்டு, பூனைவாசலை மட்டும் திறந்து வைக்கிறோம்.