உயிர் இரசாயனவியலா, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமா: ஆரையம்பதியில் போட்ட ஒரு கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த மூன்றாம் நாள், என் அக்காவின் மகள் பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலைக் கையில் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு ஆரையம்பதியிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள். உயிரியல் பிரிவில் ஒரு ஏ, இரண்டு பி. மருத்துவ பீடத்துக்கு எட்டாத இசட் புள்ளி என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. அதற்காக அவள் அழவும் இல்லை. உயிர் இரசாயனவியல் என்ற வரியின் கீழ்ப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். "மாமா, இதப் படிச்சா வீட்டுக்கு எப்ப உழைச்சுக் குடுக்கலாம்?" என்று கேட்டாள். அவளுக்குக் கீழே படிக்கிற தம்பிமார் இருவர். தகப்பனின் உழைப்பு ஒன்றுதான் வருமானம்.

இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்று, நான்காம் ஆண்டு ஆய்வை நொதியங்களில் செய்து, இப்போது உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிப்பவன் நான். ஆகவே இந்தப் பாடத்தின் மேல் எனக்குள்ள பிரியத்தை மறைத்துக்கொண்டு எழுத முடியாது. பழுக்காத பப்பாளிக் காயைக் கத்தி நுனியால் கீறி, வடிந்த பாலைப் பனிக்கட்டியில் வைத்த குழாயில் ஏந்தி, அதிலிருந்த பப்பைன் என்ற நொதியத்தைப் பிரித்து, வெண்மையாகக் கலங்கியிருந்த கேசின் கரைசலில் சில துளிகள் விட்டேன். கலங்கல் தெளிந்து, குழாய்க்குப் பின்னால் வைத்த தாளின் எழுத்து மெல்லத் தெரியத் தொடங்கியது. பால் புரதம் நொதியத்தால் துண்டாகிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன். இப்படிப்பட்ட சந்தோசம் ஒரு பாடத்தில் கிடைக்கிறதா என்பதும் கணக்கில் சேரவேண்டிய ஒன்றுதான். ஆனால் அது மட்டுமே கணக்கு அல்ல.

முதலில் செலவு. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குப் பாடநெறிக் கட்டணம் இல்லை. எனவே கொழும்பில் உயிர் இரசாயனவியல் படித்தாலும், யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்தாலும், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமாணி படித்தாலும் செலவு என்பது தங்குமிடமும் சாப்பாடும் பயணமும்தான். கொழும்புக்கு மாதம் 30,000 ரூபாய் என்று நாங்கள் கணக்கிட்டோம். வருடத்துக்குப் பத்து மாதம், நான்கு வருடம் என்றால் 12 இலட்சம். மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் மாதம் 7,500 ரூபாய்ப்படி 3 இலட்சம் கழியும்; மிச்சம் 9 இலட்சம். யாழ்ப்பாணத்தில் இதைவிடச் சற்றுக் குறையும். வந்தாறுமூலைக்கோ ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகரில் பஸ் மாறிப் போய்வரலாம். மூன்று வேளையும் வீட்டுச் சோறு. அந்த வேறுபாடு மட்டுமே தம்பிமாரின் ரியூசன் காசை ஈடுசெய்துவிடும்.

ஆனால் உண்மையான செலவு பணத்தில் இல்லை, ஆண்டுகளில் இருக்கிறது. இங்கேதான் இரண்டு பாடநெறிகளும் பிரிகின்றன. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்தவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்று, ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் எம்.எல்.ரி.யாக, அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராக, வேலை செய்யலாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை வரை இரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற இடங்கள் இருக்கின்றன. தனியார் ஆய்வுகூடங்களும் வீதிக்கு வீதி முளைத்திருக்கின்றன. உயிர் இரசாயனவியல் பட்டதாரிக்கு அந்தப் பதிவு இல்லை. அதே குளுக்கோசை அளக்கிற நொதியத்தை அவர் மற்றவரைவிட ஆழமாகப் படித்திருப்பார். குளுக்கோசு ஒட்சிடேசு குளுக்கோசை ஒட்சியேற்றி ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்குவதையும், பேரொட்சிடேசு அதை எப்படி நிறமாக மாற்றுகிறது என்பதையும் கரும்பலகையில் படிப்படியாக எழுதிக் காட்டுவார். இருந்தும் அறிக்கையில் கையொப்பமிடும் உரிமை அவருக்கு இல்லை. மேற்பக்கமும் அடைப்புத்தான்: வைத்தியசாலையின் இரசாயன நோயியல் நிபுணர் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுப் பட்டமேற்படிப்புச் செய்த வைத்தியராக இருக்கவேண்டும். இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நிற்பவர்தான் உயிர் இரசாயனவியல் பட்டதாரி என்பதை, கைந்நூலைப் பார்த்துக் கோடு போடும் பிள்ளைக்கு யாராவது முன்கூட்டியே சொல்லவேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் அவருக்கு எங்கே வேலை? 1900 இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், முன்பு சீ.ஐ.எஸ்.ஐ.ஆர். என்று அழைக்கப்பட்ட கைத்தொழில் தொழினுட்ப நிறுவனம், ஹோமாகமவிலுள்ள நனோ தொழினுட்ப நிறுவனம், மருந்து, உணவு உற்பத்திக் கம்பனிகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடங்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிகள். இவற்றில் பெரும்பாலானவை மேல் மாகாணத்தில் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் ஹிங்குரானை சீனித் தொழிற்சாலை, சம்மாந்துறை அரிசி ஆலைகள், வாவியோர இறால் பண்ணைகள் உண்டு. இறாலுக்கு வைரஸ் நோய் வரும்போது அதை உறுதிசெய்ய பி.சி.ஆர். பரிசோதனை தேவைப்படுகிறது, தெஹியத்தகண்டிப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் மனிதரைத் தின்றுகொண்டிருக்கிறது. உயிர் இரசாயனவியலாளருக்கு இங்கே செய்யவேண்டிய வேலை நிறைய உண்டு. அந்த வேலைக்குச் சம்பளம் தரும் இருக்கைதான் இல்லை. இது எனக்கு மனவருத்தம் தருகிற விடயம்.

இருக்கை கிடைக்காதபோது என்ன நடக்கும் என்பதை மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் 2017 இல் கண்டோம். வேலையற்ற பட்டதாரிகள் நாள்கணக்காக அங்கே குந்தியிருந்தார்கள். 2020 இல் பட்டதாரிப் பயிலுனர் திட்டத்தில் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுக்கு அலுவலகங்களுக்குப் போனவர்களில் விஞ்ஞானப் பட்டதாரிகளும் இருந்தார்கள்.

உயிர் இரசாயனவியலின் பெறுமதி வேறொரு திசையில் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இரசாயனவியல், உயிர் இரசாயனவியல் துறைகள் கலாநிதிப் பட்ட மாணவருக்குக் கட்டணத்தை விலக்கி, கற்பித்தல் உதவியாளராக அல்லது ஆய்வு உதவியாளராக அமர்த்திக் கொடுப்பனவும் தருகின்றன. பல இடங்களில் அது வருடத்துக்கு 25,000 டொலருக்கு மேல். இலங்கையின் சிறப்புப் பட்டதாரிகள் பலர் இந்த வழியாகவே போயிருக்கிறார்கள். அதற்கு நான்கு வருடச் சிறப்புப் பட்டம், நல்ல வகுப்பு, கையால் செய்த ஓர் ஆய்வு, ஆங்கிலம் ஆகியவை வேண்டும். ஆகவே இந்தப் பாடத்தை எடுப்பவர் முதற்பட்டத்தோடு நிற்பதாக நினைத்து எடுத்தால் அது நட்டக்கணக்கு. மேலும் ஐந்து, ஆறு வருடம் ஆய்வில் இருக்கத் தயாரென்றால் கணக்குத் திரும்பும். இந்தியாவில் உயிர் இரசாயனவியல் பட்டம் பெரும்பாலும் மூன்று வருடம் என்பதால், நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் கிடைத்துப் போகிறவர்கூட முதுமாணியையும் சேர்த்துத் திட்டமிடுவது நல்லது.

தனியார் கம்பஸ்களின் உயிர்மருத்துவ விஞ்ஞானப் பட்டங்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அவளுடைய தோழி ஒருத்திக்கு, கடைசி வருடம் வெளிநாட்டில் என்ற ஒழுங்கில் 22 இலட்சம் சொல்லியிருக்கிறார்கள். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, பவுணில் கட்டணம் கட்டவேண்டியிருந்த குடும்பமொன்று வளவை ஈடு வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். பட்டத்தை முடித்த அந்தப் பையனுக்கு மருத்துவ சபைப் பதிவும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னர் பதிவு கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்காத எவரும் கட்டக் கூடாது. கட்டணம் கட்டித்தான் படிப்பதென்றால், இராஜகிரியவிலுள்ள இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் நான்கு வருட இரசாயனவியல் பாடநெறி அதைவிடப் பாதுகாப்பானது. அது சிறப்புப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கப்படுகிறது.

இவற்றுக்கு நடுவில் ஒரு பாதை இருக்கிறது. அது நான் போனது. வந்தாறுமூலையிலோ, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை பீடத்திலோ விஞ்ஞானமாணிக்குச் சேர்ந்து, முதல் வருடங்களில் புள்ளிகளைக் கவனமாகச் சேர்த்து, இரசாயனவியலில் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகி, ஆய்வை உயிர் இரசாயனவியலில் செய்வது. இரசாயனவியல் என்ற பெயர் ஆசிரியர் சேவைக்கும் தொழிற்சாலைக்கும் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும் ஒருசேரப் பொருந்தும். ஆனால் தெரிவாகும் இடங்கள் மட்டு. தவறினால் மூன்று வருடப் பொதுப் பட்டம்தான் கையில் மிஞ்சும்.

விண்ணப்பத்தை நிரப்பும்போது ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விருப்ப ஒழுங்கின்படி மேலிருந்து கீழாகப் பார்த்து, புள்ளி எட்டுகிற முதல் வரியைத் தருகிறது. எனவே கிடைக்காது என்று பயந்து விருப்பமானதைக் கீழே தள்ளத் தேவையில்லை; மட்டக்களப்பும் அம்பாறையும் பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய 5 வீத ஒதுக்கீட்டிலும் அடங்குகின்றன. அவள் பென்சில் கோட்டை அழித்துவிட்டு, யாழ்ப்பாணத்தின் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தை முதலாவதாகவும், அடுத்து பேராதனையில் அதே பாடநெறியையும் எழுதினாள். மூன்றாவதாகக் கொழும்பு உயிர் இரசாயனவியல். நான்காவது வந்தாறுமூலை. "மூண்டாவது கிடைச்சா நீங்கதான் மாமா தம்பிமாரப் பாக்கோணும்" என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.