பல்செட் புண்ணும் வெள்ளைப்போளமும்: என் நெடுநாள் பழக்கம்

கீழ்ப் பல்செட் உரசி ஈறு புண்ணாவது எனக்கு ஓயாத தொல்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவின் நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் வெள்ளைப்போளத்தைத்தான் ஆண்டுக்கணக்கில் கொப்பளித்து வருகிறேன். வாய்ப்புண்ணுக்கு இதுபோல் எனக்கு ஒத்துப்போன மருந்து வேறில்லை. சர்வரோக நிவாரணி என்று இதைத் தூக்கிப் பேசுவதை மட்டும் நான் ஏற்பதில்லை.

சோமாலியா, எத்தியோப்பியா, ஏமன் பக்கத்து வறண்ட நிலத்து முட்செடியின் பிசின் இது. பட்டையைக் கீறினால் வெளிர்மஞ்சளாக வடிந்து, காற்றுப்பட்டுச் செம்பழுப்புக் கட்டியாக இறுகிவிடும். குழந்தை இயேசுவுக்குச் சாஸ்திரிகள் பொன்னோடும் தூபவர்க்கத்தோடும் படைத்ததும் இதுவே. சீன மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். அவர்கள் குந்திரிக்கத்தோடு சேர்த்து அடிபட்ட வீக்கத்துக்கும் இரத்தக்கட்டுக்கும் கொடுக்கிறார்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் கட்டி பிசுபிசுத்து உரலில் ஒட்டிக்கொள்ளும். குளிர்ப்பெட்டியில் சற்றுநேரம் வைத்து இடித்தால் பொடியாகும். ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கலக்கினால் நீர் வெளிறிக் கலங்கும். அடியில் பழுப்பு வண்டல் தங்கும். இதன் பசைப்பகுதி நீரில் கரையும், எஞ்சிய பிசினுக்குச் சாராயம் வேண்டும். டிங்சராக விற்பது அதனால்தான். அதை நேராகப் புண்ணில் வைத்தால் எரிச்சலில் உயிர் போவதுபோல் இருக்கும். சில சொட்டுகளை நீரில் விட்டே கொப்பளிக்க வேண்டும். கடுங்கசப்பு. ஆனால் துவர்ப்பு ஏறியதும் ஈறு இறுகுவது தெரியும், எரிச்சல் தணியும், அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிடலாம். ஜெர்மனியின் மூலிகை மருந்துக் குழுவும் வாய், தொண்டையின் இலேசான அழற்சிக்கு வெளிப்பூச்சாக இதை அங்கீகரித்திருக்கிறது. நானும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை, விழுங்குவதே இல்லை.

கடையில் வெறுமனே 'போளம்' என்று கேட்காதீர்கள். கரியபோளம் என்பது கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி உறையவைத்தது. கடும் பேதி மருந்து. இரண்டும் பழுப்புக் கட்டிகள்தான், ஆகவே முழுப்பெயர் சொல்லி, முகர்ந்து பார்த்து வாங்குங்கள். வெள்ளைப்போளத்தில் பிசின் மணம் தூக்கலாக இருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. கருப்பையைத் தூண்டும் என்று சீன வைத்தியமும் விலக்குகிறது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

உரசும் பல்செட்டைப் பல் மருத்துவரிடம் காட்டித் தேய்த்துச் சரிசெய்யாவிட்டால், எத்தனை கொப்பளித்தாலும் புண் திரும்ப வரும். 2 வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை, அதுவும் வெற்றிலை பாக்கு போடும் பெரியவர்களின் வாயில் இருந்தால், வீட்டு மருந்தில் இழுத்தடிக்காமல் உடனே காட்டிவிடுங்கள். வாய்ப்புற்று தொடக்கத்தில் வலியே இல்லாமல் அப்படித்தான் இருக்கக்கூடும்.