அம்மா 'கட்டு' என்றுதான் சொன்னார்

இந்த முறை ஊரில் இருந்தது மூன்று வாரம். மனதில் நிற்பது அதில் ஒரு கால் மணி நேரம்தான். அம்மாவை நினைவாற்றல் பரிசோதனைக்குக் கூட்டிப்போன அந்தக் காலை. வெளிநாட்டுக்குத் திரும்பிய பிறகும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 76 வயது. ஒரு வருடமாகவே தங்கை போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிடுகிறார், அடுப்பை அணைக்காமல் எழுந்து போகிறார், காலையில் சொன்னதையே மாலையில் புதிதாகச் சொல்கிறார். நான் லீவு போட்டு வந்ததே இதற்குத்தான்.

டோக்கன், காத்திருப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை, அதை விடுங்கள். பெயரைக் கூப்பிட்டதும் ஏதோ ஓர் அறைக்குள் போகப்போகிறோம் என்று நினைத்தேன். வராந்தா ஓரத்தில் ஒரு மேசை, அவ்வளவுதான். இரண்டடி தள்ளி ஒருவர் நின்று டோக்கன் எண்களை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த பெண் நல்ல பெண்தான், ஆனால் அவசரத்தில் இருந்தார். "பாட்டி, மூணு வார்த்தை சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க. அப்புறம் மறுபடி கேப்பேன், ஞாபகம் வச்சுக்கணும்" என்றார். பட்டு, சாவி, குதிரை.

அம்மா சொன்னார்: "கட்டு, காவி, குதிரை."

தாளில் இரண்டு தவறு விழுந்தது. அந்தப் பெண் திருத்திச் சொல்லவில்லை. தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது என்று போய்விட்டு, முதலில் சொன்ன வார்த்தைகளை மறுபடி கேட்டார். அம்மா ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. "கட்டு, காவி, குதிரை." மறுபடியும் இரண்டு தவறு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதில் விழுந்த மூன்று வார்த்தையையும் அம்மா அப்படியே வைத்திருந்து திருப்பிக் கொடுத்திருக்கிறார். மறக்கவே இல்லை. காதுக் கருவி வீட்டு மேசை டிராயரில் கிடக்கிறது! கொண்டுவா என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற மேல் ஒலிகள். 'ப', 'ச', 'க' எல்லாம் கலங்கிப்போகும், உயிரோசை மட்டும் நிற்கும். கத்திப் பேசினாலும் அது சரியாகாது. அந்தப் பெண் கத்தித்தான் பேசினார். நான் எடுத்துச் சொன்னபோது, "தாளை மாத்த முடியாது சார்" என்றார்.

30க்கு 17.

அதோடு விடவில்லை. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தங்கையிடம் கேட்டார்கள்: வழி தெரியாமல் போவாரா, பணக் கணக்கு பார்ப்பாரா, பாத்ரூம் போவதில் சிரமம் உண்டா. தங்கை பதில் சொல்லச் சொல்ல அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விகள் கேட்க வேண்டியவைதான். கூட இருப்பவர் சொல்வதுதான் இந்தப் பரிசோதனையில் பாதி. ஆனால் அதற்கு ஒரு கதவாவது வேண்டாமா?

நான் இருக்கும் நாட்டில் மாமனாரைக் கூட்டிப்போனபோது, வந்த கடிதத்திலேயே எழுதியிருந்தது: கண்ணாடி, காதுக் கருவி, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், அவரை நன்றாக அறிந்த ஒருவர். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு முதலில் கேட்டதே "நான் பேசுவது கேட்கிறதா?" என்றுதான். மாமியாரிடம் தனி அறையில் பேசினார்கள். ஆனால் அந்த நாளுக்காகக் காத்திருந்தது நான்கு மாதம். ஊரில் ரத்தம், ஸ்கேன் எல்லாம் அன்றைக்கே முடிந்து சாயங்காலம் ரிசல்ட் கையில். அந்த வேகம் இங்கே கனவிலும் கிடைக்காது. இவ்வளவு வேகம் உள்ள இடத்தில் பத்து நிமிட நிதானம் ஏன் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். சிறுவயதில் எங்களைப் பார்த்த தெரு டாக்டர், அம்மாவுக்கு இடது காது மந்தம் என்று யாரும் சொல்லாமலே நாற்காலியை வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அடுத்த வாரம் வேறோர் இடம். காதுக் கருவி, கண்ணாடி, மாத்திரைப் பை எல்லாம் எடுத்துப்போனோம். வேறு வார்த்தைகள், அமைதியான அறை. 24 வந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பையும் அந்த டாக்டர் கேட்டுக் குறித்துக்கொண்டார். மோகா என்ற பரிசோதனையில் பன்னிரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் சேர்ப்பதே இதற்காகத்தான் என்றார். மதிப்பெண்ணை மட்டும் வைத்து நோயின் பெயர் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். பி12 குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் மறதி வரும். அம்மாவுக்கு பி12 குறைவாகத்தான் இருந்தது. அப்புறம் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தார். சளிக்கு என்று எப்போதோ வாங்கி, தூக்கம் வருகிறதே என்று அம்மா தினமும் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாத்திரையைத் தனியே எடுத்து வைத்தார். முதியவர்களுக்கு இது மூளையை மந்தமாக்கும், நிறுத்திவிடுங்கள் என்றார். தங்கைக்கே அது தெரியாது.

மறதி இல்லை என்று அவர் சொல்லவில்லை. இருக்கிறது. ஊசி போட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

அப்போது நான் அங்கே இருக்கமாட்டேன். கிளம்புவதற்கு முன்னால் ஃபைலின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டு வந்தேன்: "முதலில் காதுக் கருவி. வலது பக்கம் உட்கார்ந்து பேசவும்."