கெர்னல் ஓட்டை: ரீபூட்டா, லைவ்பேட்சா, வழியை அடைப்பதா?

திருகோணமலையில் ஒரு கணினி வகுப்பு என்று வையுங்கள். ஒரு லினக்ஸ் சேர்வர், உயர்தர ஐசிடி படிக்கும் பொடியன்களுக்கு ஆளுக்கொரு கணக்கு. அதன் கெர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவருகிறது. "கணக்கு உள்ளவனால்தான் இந்த ஓட்டையைப் பாவிக்க முடியும், வெளியாள் வரமுடியாது" என்ற ஆறுதல் இங்கே எடுபடாது. வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் கணக்கு உள்ளவர்கள்தானே. அவர்களில் ஒருவன் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர், ஆகிவிட்டால் மற்றவர்களின் கோப்புகளும் அவன் கையில்.

இப்படியான ஓட்டை தெரியவந்தால் வழி மூன்று.

முதலாவது, ஓட்டைக்குப் போகும் வழியை அடைப்பது. 2024இல் பேசப்பட்ட சிவிஇ-2024-1086 என்ற இலக்கமிட்ட ஓட்டைக்கு இது சரிவந்தது. குறை இருந்தது நெட்வேர்க் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டரின் என்எஃப் டேபிள்ஸ் பகுதியில். சாதாரணப் பயனர் அதைத் தொடுவதற்கு யூசர் நேம்ஸ்பேஸ் (தனக்குள் மட்டும் ரூட் போல நடக்க விடும் தனி வட்டாரம்) வேண்டும். கெர்னலின் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்லில் ஒரு வரி மாற்றினால் அந்த வசதி நின்றுவிடும், ரீபூட்டும் தேவையில்லை. அந்த வசதியை நம்பி, ரூட் இல்லாமல் பொட்மன் (கொன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறவர்கள் மட்டும் சண்டைக்கு வருவார்கள்.

ஆனால் 2022 மார்ச்சில் வெளிவந்த டர்ட்டி பைப் என்ற ஓட்டைக்கு எதை அடைப்பது? பழுதான லாக் கோப்புகளைத் துருவப்போய் மக்ஸ் கெல்லர்மன் கண்டுபிடித்தது அது. கெர்னல் 5.8இலிருந்து இருந்தது. படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பின் நினைவகப் பிரதியில் எழுத விட்டது. 2016இன் டர்ட்டி கவ் என்ற ஓட்டையில் இரண்டு வேலைகளை மோதவிட்டு நேரம் பார்க்க வேண்டும். இதில் அந்தச் சிரமமும் இல்லை. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் பைப்பை நிறுத்திவிட்டு லினக்ஸில் என்ன வேலை செய்வது?

இரண்டாவது, லைவ்பேட்ச். ஓடும் கெர்னலிலேயே பிழையான பங்ஷனைப் புதியதற்குத் திருப்பிவிடும். இதற்கான அடிப்படை 2015இல் வந்த 4.0 முதல் கெர்னலுக்குள்ளேயே உண்டு. உபுண்டுவில் தனிப்பட்ட பாவனைக்கு 5 கணினி வரை இலவசம். நிலாவெளியில் சீசன் நேரத்தில் இரவுபகலாக முன்பதிவு எடுக்கும் ஹோட்டலுக்குப் பொருந்தும். எல்லாத் திருத்தமும் இப்படி வராது, வட்டில் இருப்பதும் பழைய கெர்னலேதான். வகுப்புக்கு இது வீண் ஆடம்பரம் என்பேன்.

மூன்றாவது, புதிய கெர்னலைப் போட்டு ரீபூட் செய்வது. என் வாக்கு இதற்கே. பலர் தவறுவது ஒரே இடத்தில்: அப்டேட் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது. ரீபூட் ஆகும்வரை ஓடுவது பழையதுதான். "யூநேம் -ஆர்" அடித்தால் ஓடும் கெர்னலின் பதிப்பு தெரியும். யூபிஎஸ் இல்லாத இடத்தில் கரண்ட் போய் வந்தாலே ரீபூட் நடந்துவிடும். நல்ல யூபிஎஸ் வைத்திருப்பவர்தான் மாதக்கணக்கில் பழைய கெர்னலோடு இருப்பார்.

ஒரு பயம் நியாயமானது. நீங்கள் கிண்ணியாவில், சேர்வர் உவர்மலையில். ரீபூட் கொடுத்தபின் அது எழும்பாவிட்டால்? அதனால் ஆள் பக்கத்தில் இருக்கும்போது, வகுப்பு தொடங்குமுன் செய்யுங்கள். புதியது மக்கர் பண்ணினால் கணினி எழும்பும்போது வரும் கிரப் மெனுவில் பழையதைத் தெரிவு செய்து எழுப்பலாம். அதுவரை ஓரிரவு தாக்குப்பிடிக்க முதல் வழி போதும், அந்த ஓட்டைக்கு அது பொருந்தினால். பிறகு அந்த சிஸ்சிடிஎல் வரியை எடுத்துவிடுங்கள், பொட்மன்காரர் காத்திருப்பார்.