டென்டை மடிப்பதா, திணிப்பதா?

முகாம் கலையும் காலையில் டென்டைப் பைக்குள் அனுப்ப இரண்டு வழி. விரித்து மடித்துச் சுருட்டுவது ஒன்று. ஒரு மூலையைப் பிடித்து அப்படியே திணிப்பது இன்னொன்று. முதலாவது ஒழுங்காகவும் இரண்டாவது சோம்பேறித்தனமாகவும் தெரியும். ஆனால் துணியின் ஆயுளுக்கு இந்த அழகு கணக்கில்லை.

சுருட்டுவது

டென்டைத் தாங்கும் கம்புகளை வைக்கும் கம்புப்பையின் நீளமே இங்கே அளவுகோல். டென்டை அந்த அகலத்துக்கு நீளவாக்கில் மடித்து, வாசலுக்கு எதிர்முனையில் கம்புப்பையை வைத்து, முழங்காலால் அழுத்தியபடி வாசலை நோக்கிச் சுருட்ட வேண்டும். வாசல் ஜிப்பை ஒரு சாண் திறந்துவைக்க மறந்தால் சிக்கிய காற்றுக்குப் போக்கிடம் இருக்காது; சுருள் உப்பிக்கொண்டு பைக்குள் இறங்க மறுக்கும். சுருட்டும்போது தரைப்பகுதி கண்ணெதிரே வருவதால் ஒட்டிய மண்ணையும் சிறு முள்ளையும் அங்கேயே துடைத்துவிடலாம். இது பெரிய லாபம்.

நஷ்டம் மடிப்புக் கோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் மடித்தால் நீர் புகாமல் காக்கும் பூச்சு அந்தக் கோட்டில் நைந்துபோகலாம். சமமான, உலர்ந்த இடமும் வேண்டும். காற்றடிக்கும்போது தனியாளாகச் சுருட்டுவது பெரும்பாடு.

திணிப்பது

இதில் மடிப்பு தடவைக்குத் தடவை வேறு வேறு இடத்தில் விழும். மழையிலும் சட்டென்று முடியும். முதுகுப்பையின் மூலைமுடுக்கையும் நிறைக்கும். ஜிப்பை மூடிவிட்டு, ஒரு மூலையிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக உள்ளே தள்ளினால் போதும். கம்பும் முளையும் தனிப்பையில்தான். முளையின் கூர் நுனி ஒரே பயணத்தில் கொசுவலையைக் கிழித்துவிடும். மழைக்காக மேலே போர்த்தும் மேல்துணி நனைந்திருந்தால் அதற்கும் தனிப்பை, இல்லையேல் உள்கூடாரமும் ஈரமாகும்.

நடைபயணத்துக்கான மெல்லிய நைலான் டென்டுக்குத் திணிப்பதே மேல். கண்ணாடிபோன்ற பிவிசி ஜன்னல் வைத்த குடும்ப டென்ட், கனத்த பருத்தித் துணி, காற்றடைத்து நிறுத்தும் வகை ஆகியவற்றைச் சுருட்டுங்கள். பிவிசி குளிரில் விறைத்திருக்கும்போது திணித்தால் விரிசல் விடும்.

வீட்டில்: அதே பையா, தளர்ந்த பையா?

மடித்ததா திணித்ததா என்பதைவிட, டென்டின் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது. நீர் புகாமல் காக்கும் பூச்சு பாலியூரித்தேனாக இருந்தால் அது ஈரத்தோடு வினைபுரிந்து சிதையும். வெப்பம் அதை முடுக்கிவிடும். அப்படிக் கெட்ட டென்டைத் திறந்தால் முதலில் ஒரு புளித்த வாந்தி வாடை. பிறகு தரைத்துணி விரலில் பிசுபிசுக்கும், வெயிலில் உரிந்த தோல்போலப் பூச்சு செதில் செதிலாகக் கழன்று வரும். சிலிக்கோன் பூச்சுக்கு இந்த நோய் வராது. ஆனால் தையல் துளைவழியே நீர் கசியாமலிருக்க ஒட்டும் சாதாரணத் தையல் நாடா அதன்மேல் ஒட்டாது. தையலுக்கு சிலிக்கோன் பசையை நாமே பூச வேண்டியிருக்கும். மேல்துணி சிலிக்கோன், தரை பாலியூரித்தேன் என்று கலந்து வரும் டென்டுகளும் உண்டு. அதனால் துணியில் தைத்திருக்கும் விவரச்சீட்டைப் படித்துவிட்டே நிம்மதியடையுங்கள்.

ஆகவே கடையில் தந்த இறுக்கமான பை பயணத்துக்கு மட்டும். வீட்டில் பழைய தலையணை உறையோ பெரிய பருத்திப் பையோ போதும்: தளர்வாக, காற்றோட்டமாக, வறண்ட அலமாரியில். கார் டிக்கியும் வெயில் ஏறும் பரணும் ஆகாது.

உள்ளே வைக்குமுன் நிழலில் விரித்துக் காயவிடுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானைப் பலவீனமாக்கும். பரந்த துணி தொட்டால் காய்ந்தாற்போல் இருந்து ஏமாற்றும். முளை மாட்டும் நாடா, ஓரத் தையல், ஜிப்பின் அடிமடிப்பு ஆகியவற்றை விரலால் நசுக்கிப் பாருங்கள், ஈரம் கடைசியாகப் போவது அங்கேதான்.

அழுக்குக்கு வாஷிங் மெஷினா, கையா? கைதான். மெஷினின் உருட்டலில் தையல் நாடா கழன்று வலை கிழியும். ஸ்பாஞ்சு, குளிர்ந்த நீர், மணமில்லாத மென்சோப்பு போதும். ஜிப் பற்களிலுள்ள மணலைப் பழைய டூத்பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஜிப்பில் மேலும் கீழும் ஓடும் இழுப்பான் தேய்ந்து ஜிப் பிளந்துகொள்வது அந்த மணலால்தான்.

கம்பை நுனியிலிருந்து கழற்றாமல் நடுவிலிருந்து இருபுறமும் மடக்குங்கள். எலாஸ்டிக் கயிற்றின் இழுவிசை சமமாகப் பரவும், கயிறு சீக்கிரம் தொய்யாது.